தலைமாட்டில் நின்றவள்

வடமதுரைப் பக்கமிருந்து வந்த விவசாயி ஒருவர் ஆபரேஷன் மேசையில் மல்லாந்து கிடந்தார். குடலிறக்கம் சிக்கி, வயிறு கல் போலாகி, கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். பெரிய டாக்டர் நடேசன் வயிற்றைத் திறந்துவிட்டார். கறுத்துப்போயிருந்த குடலை வெந்நீரில் நனைத்த துணியால் மூடி, அது மறுபடி சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நோயாளியின் தலைமாட்டில் நின்றிருந்தேன். என் வேலை ஈதர் என்கிற மயக்க மருந்தைக் கொடுப்பது.

இன்றைய வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது எங்களிடம் மெஷின் எதுவும் கிடையாது. கம்பியால் செய்த சிறிய கூண்டு ஒன்று, அதன்மேல் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி, பல மடிப்பாக. அதை நோயாளியின் மூக்கு வாய்மேல் கவிழ்த்து, புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈதரை விட வேண்டும். வலது கையில் புட்டி. இடது கை நோயாளியின் தாடையைத் தூக்கிப் பிடித்திருக்கும். கையை எடுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும்.

அப்போதுதான் எனக்கு இடுப்பில் வலி பிடித்தது. நான் முழுகாமல் இருந்தேன். மூன்றாம் மாதம்.

அது என்ன வலி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின வருஷம் இதே வலி வந்து போயிருக்கிறது. உடம்பு அதை மறக்கவில்லை.

"சார், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"குடல் சொல்லட்டும்மா," என்றார் அவர், நிமிராமல்.

ஓரமாக நிற்கிற வேலை

எனக்குப் பிரசவ டாக்டராக வேண்டும் என்றுதான் ஆசை. சின்னாளபட்டியில் எங்கள் தெருவில் பிரசவத்தில் செத்த பெண்களை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி என் சித்தி. திண்டுக்கல் வருகிற வழியில், வண்டிக்குள்ளேயே அவள் கதை முடிந்துபோனது. மருத்துவப் படிப்புக்கு நான் போனதே அந்தக் கோபத்தில்தான்.

படிப்பு முடிந்ததும் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஊர்ப் பெரியவர்கள் சிலர் கமிட்டி போட்டு நடத்தியது. இன்று அந்த ஆஸ்பத்திரி இல்லை. பெயரும் வேண்டாம். ஒருநாள் கமிட்டிக் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, மேல்படிப்புக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

"பிரசவத்துக்கா சார்?" என்றேன்.

"மயக்க மருந்துக்கும்மா. பிரசவம் பாக்க ஏற்கெனவே டாக்டரம்மாமாரு இருக்காக. மயக்கம் குடுக்கத்தான் ஆள் இல்ல. பொம்பளப் பிள்ளைக்குத் தோதான வேல. கத்தியப் பிடிக்க வேணாம், ஒரு ஓரமா நின்னாப் போதும்."

நல்ல மனுஷர். எனக்கு ஒரு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். படித்து முடித்ததும் அதே ஆஸ்பத்திரியில் சில வருஷங்கள் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்பா பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சென்னையில் அந்தப் படிப்பு படித்த நாட்களில் எனக்கு நினைவில் நிற்பது களைப்புதான். காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் வெளியே வரும்போது பகல் இருந்ததா என்றே தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கி, இறங்க வேண்டிய இடம் தாண்டி, நடந்து திரும்புவேன். அறுவை சிகிச்சை படித்தவர்கள் சாப்பாட்டு மேசையில் எந்த ஊரில் போர்டு மாட்டலாம் என்று பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. மயக்கம் மட்டும் வாங்கிக்கொண்டு போக எந்த நோயாளி வரப்போகிறார்?

அதன் அர்த்தம் திண்டுக்கல் திரும்பிய பிறகுதான் முழுசாகப் புரிந்தது. எனக்குப் பின்னால் வேலையில் சேர்ந்த ஒரு டாக்டரைக் கமிட்டி எனக்கு மேலே உட்காரவைத்தது. காரணம் கேட்டேன். "அவருக்குன்னு நாலு பேஷண்ட் தேடி வாராங்கம்மா," என்றார்கள். என்னைத் தேடி யாரும் வரவில்லை என்பது உண்மைதான். என் நோயாளிகள் எல்லாரும் என்னைப் பார்த்த சில நிமிஷங்களில் நினைவிழந்தவர்கள்.

மூடிய அறை

தியேட்டரின் ஜன்னல்கள் ஆணியடித்து மூடப்பட்டிருந்தன. அதற்கு நியாயம் இருந்தது. காற்றடி காலத்தில் திண்டுக்கல்லில் எந்நேரமும் மண் பறக்கும். தோல் பதனிடும் ஷாப்புகளின் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஈக்களும் வரும். திறந்த வயிற்றின்மேல் ஈ உட்காரக் கூடாது. மின்விசிறியும் போட முடியாது. விசிறி சுற்றினால் ஈதர் நோயாளிக்குப் போகாமல் அறை முழுக்கப் பரவிவிடும்.

கோடையில் இன்னும் மோசம். அந்தச் சூட்டில் ஈதர் புட்டிக்குள்ளேயே கொதிப்பதுபோல் பொங்கும். மண்பானைத் தண்ணீரில் புட்டிகளை இறக்கி வைத்திருப்போம். துணியில் விழுந்த சொட்டு நோயாளியைச் சேர்வதற்குள் பாதி ஆவியாகி என் முகத்துக்கு வரும். குனிந்து நிற்பது நான்தானே.

முதலில் தலைவலி வந்தது. பிறகு சாப்பாடு பிடிக்காமல் போனது. ரசத்தில் ஈதர், மோரில் ஈதர், குடிக்கிற தண்ணீரில் ஈதர். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் கூந்தலிலிருந்து அந்த வாசம் போகாது. மல்லிகை வைத்துக்கொண்டால் இரண்டு வாசமும் கலந்து வயிற்றைப் புரட்டும். பூ வைப்பதை விட்டுவிட்டேன்.

என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதிகம் பேசாதவர். ஒருநாள் மட்டும், "தூக்கத்துல உன் மூச்சே அந்த மாதிரி வாசம் அடிக்குது மரகதம்," என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பயந்த குரல்.

முதல் கரு கலைந்தபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பஸ் குலுங்கியது என்றார்கள். பப்பாளி தின்றாயா என்று கேட்டார்கள். என் மாமியார், "அம்புட்டு நேரம் நின்னுக்கிட்டே இருந்தா எப்பிடித்தா தங்கும்?" என்றார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். படித்த புத்தகங்கள் எதிலும் ஈதரையும் கருவையும் சேர்த்து ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

குடல் சிவந்தது

அந்த ஆபரேஷன் நடந்த முற்பகலுக்குத் திரும்புகிறேன்.

குடல் மெதுவாக, ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கியது. பெரிய டாக்டர் பெருமூச்சு விட்டார். வெட்டி எடுக்க வேண்டியதில்லை, ஆள் பிழைத்துக்கொள்வார் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அப்போது தொடையில் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் புட்டியைப் பார்த்தேன், நோயாளியின் மார்பைப் பார்த்தேன், அது ஏறி இறங்குவதைப் பார்த்தேன். கீழே பார்க்கவில்லை.

பார்த்தது ஞானம் சிஸ்டர். தியேட்டர் பொறுப்பு நர்ஸ். என்னைவிட மூத்தவர்.

"சார், கீழ ரத்தமா இருக்கு," என்றார்.

பெரிய டாக்டர் காயத்தைச் சுற்றிக் கவனமாகப் பார்த்தார். "இங்க எங்கயும் கசியல சிஸ்டர்," என்றார்.

ஞானம் சிஸ்டர் மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். சலவைத் துணி ஒன்றை எடுத்து என் பாதங்களைச் சுற்றிப் போட்டார். எனக்குப் பின்னால் வந்து நின்று, தன் தோளை என் முதுகில் அண்டக் கொடுத்தார்.

"செத்த நேரம் எம்மேல சாஞ்சுக்கிடுங்க டாக்டர்," என்றார் காதோரம். "தையல் போட ஆரம்பிச்சுட்டாக."

சாய்ந்துகொண்டேன். கடைசித் தையல் விழுகிற வரைக்கும் நான் தாடையை விடவில்லை. இதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்த ஊரில் அந்தக் கையை மாற்றி வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். விட்டிருந்தால் ஓர் உயிருக்கு இரண்டாகப் போயிருக்கும்.

அவரை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு, தியேட்டரை ஒட்டிய துணி அறையில் எனக்கு எல்லாம் முடிந்தது. ஞானம் சிஸ்டர்தான் கூட இருந்தார். சுத்தம் செய்துகொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோல், "இந்தத் தியேட்டர்ல வேலை பாத்த பிள்ளைகள்ல இது எத்தனாவது," என்றார். முன்பு அங்கே இருந்த நர்சுகளைச் சொன்னார். அவர்களில் சிலருக்கும் இப்படி ஆகியிருந்ததாம். ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள்.

நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஜன்னல்களில் அடித்த ஆணிகள் அப்போது என் நினைவுக்கு வந்தன.

கத்தரிக்காய்க் கூடை

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், வராந்தாவில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒருவர் தலையில் கூடையோடு வந்தார். கூடை நிறைய ஊதா நிறக் கத்தரிக்காய், மேலே வாழையிலை. ஆளை உடனே தெரிந்துவிட்டது. அந்த முகத்தை, அந்தத் தாடையில் இருந்த சின்னத் தழும்பை, நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"ஆத்தா, எனக்கு வகுத்த அறுத்த டாக்டரய்யா எங்கிட்டு இருக்காக?" என்று கேட்டார்.

"அந்தக் கோடி ரூம். போங்க. உடம்பு எப்படி இருக்கு?"

"சாமி புண்ணியத்துல நல்லாருக்கேன். அய்யா கைராசி. ஒரு வலி தெரியலையே எனக்கு. தூங்கி முழிச்சாப்புல இருந்துச்சு."

"நல்லது," என்றேன்.

அவர் போய்விட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வலியும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதானே என் வேலை. ஆனாலும் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கூடத்தில் விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு கோரிக்கைகள்

பெரிய டாக்டரிடம் போனேன். ஜன்னல் ஒன்றைத் திறந்து வலைக் கம்பி அடித்து, காற்றை வெளியே தள்ளுகிற விசிறி வைக்க வேண்டும். அல்லது இன்னும் ஒருவரைப் பழக்கி, முறைபோட்டு ஈதர் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றையாவது செய்யச் சொல்லிக் கேட்டேன்.

"ஜன்னலைத் திறந்தா தூசி வரும். தூசி வந்தா காயம் சீழ் பிடிக்கும். உனக்கே தெரியும்," என்றார். "தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கம்மா."

"தலைவலி இல்ல சார்."

"வேற என்ன?"

அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் என் குரல் தாழ்ந்துவிட்டது. "ரெண்டு தடவை கலைஞ்சிருச்சு சார். ரெண்டாவது தடவை, அந்த வடமதுரை ஆளுக்கு நீங்க குடலப் பாத்துக்கிட்டு இருந்தப்ப."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தரையில் இருந்த ரத்தம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"என் வீட்டுலயும் ரெண்டு போயிருக்கும்மா," என்றார். "அவ தியேட்டர் வாசலைக்கூட மிதிச்சதில்ல. அதுக்கு எந்த ஜன்னலைத் திறக்கச் சொல்ற?"

இன்றும்கூட, என் கருக்கள் ஈதரால்தான் கலைந்தன என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அந்த அறைக்குள் போவதற்குப் பயந்தேன் என்பதுதான். மேசையில் கிடப்பவரை மறந்துவிட்டு என் மூச்சை நானே அடக்கிப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் மூச்சைக் காவல் காக்க முடியாது.

குஜிலியம்பாறை

கமிட்டிக்குக் குஜிலியம்பாறையில் ஒரு கிளை வைத்தியசாலை இருந்தது. ஒரே டாக்டர். மழையை நம்பிக் கிடக்கிற வறண்ட பூமி. அங்கே போகிறவர்கள் எல்லாரும் சீக்கிரமே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இடம் காலியானபோது நான் கேட்டேன்.

காரியதரிசி நம்பவில்லை. "அங்க போனா மேல வர வழி இல்லம்மா. பத்து வருஷம் கழிச்சும் இதே உத்தியோகந்தான். படிச்ச படிப்பும் வீணாப் போயிரும்."

"பரவாயில்லை சார்."

"அப்ப இங்க மயக்கம் குடுக்க யாரு?"

அதற்கும் அவர்களே ஏற்பாடு செய்தார்கள். பிலோமினா என்று ஒரு சின்ன டாக்டர் புதிதாக வந்திருந்தாள். குழந்தை வைத்தியம் படிக்க ஆசைப்பட்டவள். அவளைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் சில வாரங்கள் என்னோடு நின்றாள். எனக்குத் தெரிந்தது, தெரியாதது, ஞானம் சிஸ்டர் சொன்னது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "எனக்குக் கல்யாணமே ஆகலக்கா. மொதல்ல மாப்பிள்ளை கிடைக்கட்டும்."

நான் குஜிலியம்பாறைக்குப் போனேன். கணவர் வாரக் கடைசியில் பஸ் பிடித்து வருவார். தேள்கடி, சொறிசிரங்கு, சீதபேதி, எப்போதாவது ஒரு பிரசவம். கொஞ்ச நாளில் தலைவலி நின்றது. சோறு சோறாக ருசித்தது. அதற்கடுத்த வருஷம் எனக்கு ஒரு மகள் பிறந்தாள். பத்து மாதமும் நான் சந்தோஷப்படவில்லை. பயந்துகொண்டே இருந்தேன். அவள் அழுத பிறகுதான் நானும் அழுதேன்.

காரியதரிசி சொன்னது அப்படியே நடந்தது. நான் கடைசிவரை அந்த உத்தியோகத்திலிருந்து ஒரு படிகூட ஏறவில்லை. சென்னையில் படித்த படிப்பை நான் மறுபடி தொடவே இல்லை.

பிலோமினா வந்த நாள்

என் மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி, பிலோமினா என்னைப் பார்க்க வந்தாள். இடையில் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கணவர் திண்டுக்கல்லில் தபால் ஆபீஸ் உத்தியோகம்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுமே அந்த வாசம் வந்தது. பட்டுச் சேலை, பவுடர், எல்லாவற்றுக்கும் அடியில் ஈதர். முகத்தைத் திருப்பாமல் இருக்கப் பாடுபட்டேன்.

காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு மொத தடவை எப்பிடி ஆச்சு? வீட்டுலயா, ஆசுபத்திரியிலயா?"

அவள் அதைக் கேட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப ஆச்சு பிலோமி?"

"போன மாசம்." தரையைப் பார்த்தாள். "எங்க அத்தை, மாடிப்படி ஏறுனதாலன்னு சொல்றாங்க. எங்க வீட்டுல மாடியே இல்லக்கா."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சொட்டுவிடும் புட்டியைப் பிடித்துப் பிடித்து, அவள் ஆள்காட்டி விரலின் தோல் வெளுத்து உரிந்திருந்தது. என் விரலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

"லீவு எடுத்தியா?"

"நாலு நாள்தான். வேற யாரு இருக்கா?"

"பெரிய டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அவரு கெட்டவர் இல்லக்கா. நான் சொன்னதும் அவரு கண்ணு கலங்கிருச்சு. ஆனா அடுத்த நாள் கேஸ் இருந்துச்சு."

பாண்டு முடிய அவளுக்கு இன்னும் வருஷங்கள் இருந்தன. என் மகள் தவழ்ந்து வந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து எழுந்து நின்றாள். பிலோமினா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உச்சந்தலையை முகர்ந்து பார்த்தாள்.

பிறகு, என்னைப் பார்க்காமல், குழந்தையிடம் சொல்வதுபோலக் கேட்டாள்:

"இங்க இன்னொரு டாக்டர் போடுவாங்களாக்கா?"

நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு இடந்தான் பிலோமி."

"தெரியும்க்கா. சும்மாதான் கேட்டேன்."

அந்த ஒரு இடத்தில் நான் இருந்தேன். எழுந்து நின்று, நீ இங்கே வா, நான் அங்கே போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மகள் அவள் மடியில் இருந்தாள். நான் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து வந்தவள் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வந்திருந்தாள். அவள் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

மத்தியானம் என்னோடு சாப்பிட்டாள். பருப்புத் துவையல் நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் பாதிச் சோற்றை இலையிலேயே ஒதுக்கிவிட்டாள். சாயங்காலம் நாங்கள் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். பஸ் வரும் வரைக்கும் குழந்தையை அவளே வைத்திருந்தாள். கண்டக்டர் அவசரப்படுத்திய பிறகுதான் என் கையில் கொடுத்தாள்.

"போயிட்டு வாரேன்க்கா."

"உடம்பைப் பாத்துக்க."

பஸ் புறப்பட்டுப் போனது. மறுநாள் காலை அவளுக்குத் தியேட்டர் இருந்தது.